எம்பசி பஸ் வாசலுக்கு வராது: கார்ட்டூம் 2023 சொல்லிக் குடுத்தது

வேலை விஷயமா முதல் தடவையா ஆப்பிரிக்கா பக்கம் போறவர் ஒருத்தர் கேட்டிருக்காரு: போன ஊர்ல சூடான் மாதிரி திடீர்னு சண்டை வெடிச்சுட்டா என்ன பண்றது, எம்பசி பாத்துக்குமா, இன்சூரன்ஸ்ல காசு வருமா? எம்பசி பாத்துக்கும், ஆனா அவங்க சொல்ற எடத்துக்கு நீங்க வந்து சேர்ந்ததுக்கு அப்புறம்தான். உங்க ரூம்ல இருந்து அந்த எடம் வரைக்கும் இருக்கற தூரம், அது பத்து கிலோமீட்டரோ எண்ணூறு கிலோமீட்டரோ, பெரும்பாலும் உங்க பாடு. இன்சூரன்ஸ் பத்தி பின்னாடி சொல்றேன், அது நல்ல சேதி இல்ல.

ஆப்பிரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் ஆளுங்களை அனுப்பற ஒரு கம்பெனில டிக்கெட், விசா, ஆளு எங்க இருக்காருன்னு கணக்கு வெச்சுக்கறது, இதெல்லாம் பாத்துட்டு இருந்தவன் நான். பொதுவா டிப்ஸ் குடுத்தா ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டுருவாங்க, அதனால சூடான் தலைநகரம் கார்ட்டூம்ல என்ன நடந்துச்சோ அதை வெச்சே சொல்றேன், நடுவுல வேற ஊரும் வரும்.

2023 ஏப்ரல் 15, சனிக்கிழமை காலை. ரம்ஜான் நோன்பு முடியப் போற நேரம், ஜனங்க பெருநாளுக்கு சாமான் வாங்கிட்டு இருந்தாங்க. ராணுவத் தளபதி புர்ஹான் ஒரு பக்கம், ஆர்எஸ்எஃப்னு சொல்ற துணைப்படைக்குத் தலைவர் ஹெமெத்தி இன்னொரு பக்கம். இந்த ரெண்டு பேரும் 2021 அக்டோபர்ல ஒண்ணா சேர்ந்துதான் சிவிலியன் அரசாங்கத்தைக் கவுத்தாங்க, அப்புறம் ஆர்எஸ்எஃப்பை ராணுவத்தோட எப்போ சேக்கறது, யாரு யாருக்குக் கீழன்னு முட்டிக்கிச்சு. திடீர்னு வெடிச்சுதுன்னு சொல்றோமே தவிர, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே, ஏப்ரல் 13-ம் தேதி, ஆர்எஸ்எஃப் ஆளுங்க அனுமதி இல்லாம நகர்றாங்க, நிலைமை ஆபத்தா இருக்குன்னு ராணுவமே வெளிப்படையா அறிக்கை விட்டுச்சு. மெரோவே விமானதளம் பக்கத்துல படை குவியறதும் செய்தில வந்துச்சு. ஹோட்டல்ல உக்காந்து மீட்டிங்குக்கு ஸ்லைடு ரெடி பண்ணிட்டு இருக்கறவன் எவனும் உள்ளூர் ராணுவ அறிக்கையைப் படிக்க மாட்டான், அதான் பிரச்சனை. ஒரு நாட்டோட ரெண்டு ஆயுதப் படையும் வெளிப்படையா ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்ல ஆரம்பிச்சா, அன்னிக்கே டிக்கெட்டை மாத்திட்டுக் கிளம்பறவருக்கு ஆகற நஷ்டம் டேட் சேஞ்ச் ஃபீஸ் மட்டும்தான்.

சனிக்கிழமை காலைல சண்டை முதல்ல போன எடங்கள்ல ஒண்ணு ஏர்போர்ட். கார்ட்டூம் ஏர்போர்ட் ஊருக்கு வெளிய இல்ல, நட்ட நடுவுல இருக்கு, சுத்தி வீடு, ஆபீஸ், எம்பசி. ரியாத்துக்குக் கிளம்ப ரெடியா பயணிகளை ஏத்திட்டு நின்ன சவுதியா ஏர்பஸ் மேலயே குண்டு பட்டுச்சு. உள்ள இருந்தவங்க எல்லாரும் தப்பிச்சு சவுதி எம்பசிக்குப் போய்ச் சேர்ந்தாங்க, பெரிய அதிர்ஷ்டம்தான். அன்னிக்கு டெர்மினல்ல செக்-இன் லைன்ல நின்னவங்க தரைல படுத்துக் கெடந்த வீடியோ எல்லாம் வந்துச்சு. ஏன் எப்பவும் ஏர்போர்ட்டுன்னா, தலைநகரத்தைப் பிடிக்கணும்னா எதிராளிக்கு ஆளும் ஆயுதமும் வந்து எறங்கக் கூடாது, அவன் தலைவனும் பறந்து போகக் கூடாது, டிவி ஸ்டேஷன், ஜனாதிபதி மாளிகை, ஏர்போர்ட் இந்த மூணும்தான் முதல் லிஸ்ட். ஆனா பயணிக்கு மனசுல வர்ற முதல் யோசனை என்ன? பையைத் தூக்கிட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடறது. கூடவே கூடாது. ஏர்லைன்கிட்ட இருந்து விமானம் பறக்குதுன்னு எழுத்துல கன்ஃபர்ம் ஆகாம அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க.

இது சூடானுக்கு மட்டும் இல்ல. 2022 பிப்ரவரி 24 காலைல உக்ரைன் வான்வழியை மூடினப்போ கீவ்ல இருந்து நம்ம பசங்களைக் கூட்டிட்டு வரப் போன ஏர் இந்தியா விமானம் பாதி வழில திரும்பி டெல்லிக்கே வந்துருச்சு, அதுக்கு டிக்கெட் போட்டு வெச்சிருந்த மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ் அங்கேயே மாட்டிக்கிட்டாங்க. 2025 ஜூன் 23-ம் தேதி ஈரான் கத்தார்ல இருக்கற அல் உதெய்த்ங்கற அமெரிக்க விமானப்படைத் தளத்து மேல ஏவுகணை விட்ட ராத்திரி, சண்டைக்கே சம்பந்தம் இல்லாம தோஹால பிளைட் மாறக் காத்துட்டு இருந்தவங்க ஏர்போர்ட்லயே முடங்கினாங்க, தோஹாவுக்கு வந்துட்டு இருந்த பிளைட் எல்லாம் எங்கெங்கேயோ போய் எறங்குச்சு. எல்லாத்துக்கும் மேல 1990 ஆகஸ்ட் 2, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 149. லண்டன்ல கிளம்பி குவைத், மெட்ராஸ் வழியா கோலாலம்பூர் போற விமானம் அது, நம்ம ஊரு பேரு டிக்கெட்லயே இருந்துச்சு. இராக் படை எல்லை தாண்டி வந்துட்டு இருக்கற நேரத்துல அது குவைத்துல எறங்குச்சு, அப்புறம் எழும்பவே இல்ல. ரீஃப்யூலுக்குன்னு நின்ன எடத்துல பயணிங்க பிணைக்கைதி ஆனாங்க, அதுல பிரிட்டிஷ்காரங்க, அமெரிக்கர்கள் பல பேரை மாசக்கணக்குல மனிதக் கேடயமா வெச்சிருந்தான் சதாம். படையெடுப்பு பத்தி குவைத்துல இருந்த பிரிட்டிஷ் தூதர் ராத்திரியே லண்டனுக்கு சொல்லியும் அது ஏர்லைனுக்குப் போய்ச் சேரலன்னு பிரிட்டிஷ் அரசாங்கம் ஒத்துக்கிட்டது 2021-ல, முப்பத்தோரு வருஷம் கழிச்சு. அதனால டிரான்சிட் எந்த ஊர்ங்கறதும் போற ஊர் மாதிரியே பாக்க வேண்டிய விஷயம்.

சரி, எம்பசி. கார்ட்டூம்ல இந்தியத் தூதரகம் இருந்ததே ஏர்போர்ட் பக்கத்துல, சண்டை உக்கிரமா நடந்த ஏரியால. அவங்க ஆளுங்களே ஆபீசுக்குப் போக முடியாம வேற எடங்கள்ல இருந்துக்கிட்டு போன்லயும் வாட்ஸ்அப்லயும்தான் வேலை பாத்தாங்க. வெளிய வராதீங்க, அமைதியா இருங்கன்னுதான் முதல் வாரம் பூரா அறிவிப்பு வந்துச்சு, அதைப் பாத்துட்டு ஊர்ல இருந்தவங்களுக்கு கோவம், என்னடா ஒண்ணுமே பண்ண மாட்டேங்கறாங்கன்னு. ஆனா அந்த நேரத்துல வெளிய போனா என்ன ஆகும்னு பாருங்க. ஐரோப்பிய யூனியன் தூதரையே அவர் வீட்டுக்குள்ள புகுந்து தாக்கினாங்க, அமெரிக்க எம்பசி நம்பர் பிளேட் போட்ட வண்டிங்க மேல சுட்டாங்க. கொடி கட்டின காருக்கே அந்த கதின்னா உங்க ஓலா, ஊபர் எந்த மூலைக்கு.

ஒவ்வொரு நாடும் தன் ஆளுங்களை எப்படிக் கூட்டிட்டுப் போச்சுன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா விஷயம் புரியும். அமெரிக்கா ஏப்ரல் 22 ராத்திரி ஹெலிகாப்டர் அனுப்பி எம்பசி ஊழியர்களை மட்டும் தூக்கிட்டுப் போச்சு, ஆயிரக்கணக்குல இருந்த சாதாரண அமெரிக்கக் குடிமக்களை இருந்த எடத்துலயே பத்திரமா இருங்கன்னு சொல்லிட்டு. அவங்களுக்கு பஸ் ஏற்பாடு ஆனது கிட்டத்தட்ட ஒரு வாரம் கழிச்சு. பிரிட்டன் ஊருக்கு வடக்க இருக்கற வாதி சய்யித்னா ராணுவ விமானதளத்துல இருந்து விமானம் விட்டுச்சு, ஆனா அங்க வரைக்கும் உங்க சொந்த ரிஸ்க்ல வாங்க, பாதுகாப்பு வண்டி எல்லாம் வராதுன்னு தெளிவா சொல்லிருச்சு. வந்து சேர முடிஞ்ச ரெண்டாயிரத்துக்கும் மேல பேர் பறந்தாங்க. இந்தியா ஏப்ரல் 24-ம் தேதி ஆபரேஷன் காவேரின்னு பேர் வெச்சு, செங்கடல் ஓரத்துல இருக்கற போர்ட் சூடானை மையமா எடுத்துச்சு. சுமேதா, தேக், தர்காஷ்னு கடற்படைக் கப்பலும், சி-130ஜே விமானமும் அங்கேருந்து ஜெத்தாவுக்கு, ஜெத்தால இருந்து டெல்லி, மும்பை, பெங்களூருக்கு. மொத்தம் 3,862 பேர் வந்தாங்க. பெரிய வேலைதான், நான் குறை சொல்லல. ஆனா கார்ட்டூம்ல இருந்து போர்ட் சூடான் சுமார் 850 கிலோமீட்டர். பஸ் ஏற்பாடு பண்ணுச்சு தூதரகம், பஸ் நிக்கற எடத்துக்கு நீங்கதான் போகணும், பல பேர் அதுக்கும் காத்திருக்காம சொந்தமா காசு சேத்து பஸ் பிடிச்சுப் போனாங்க.

அந்த 850 கிலோமீட்டர் போகவே முடியாம இருந்த 121 பேருக்கு, நோயாளிங்க, ஒரு கர்ப்பிணி எல்லாம் சேத்து, விமானப்படை ராத்திரில வாதி சய்யித்னால எறங்குச்சு. ரன்வேல லைட் இல்ல, வழிகாட்டற கருவி இல்ல, எரிபொருள் இல்ல, பைலட்டுங்க இருட்டுல பாக்கற கண்ணாடி போட்டுக்கிட்டு எறக்கினாங்க, இன்ஜினை அணைக்காமலே ஆளை ஏத்திட்டுப் பறந்தாங்க. அதே தளத்துல அடுத்த நாள் துருக்கி விமானம் ஒண்ணு மேல சுட்டு அதோட எரிபொருள் சிஸ்டம் சேதமாச்சு. ஆக இந்த மாதிரி வீரதீரம் எல்லாம் விதிவிலக்கு. டிவில அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுவான், அதைப் பாத்துட்டு நமக்கும் அப்படி ஒண்ணு வரும்னு காத்துட்டு இருக்கக் கூடாது. உக்ரைன்ல கார்கிவ்ல நம்ம பசங்களுக்கு 2022 மார்ச் 2-ம் தேதி வந்த அறிவிப்பு ஞாபகம் இருக்கா? சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஊரை விட்டு பெசோச்சின், பாபாய், பெஸ்ல்யூடோவ்கா கிராமங்களுக்குப் போயிருங்க, வண்டி கிடைக்கலன்னா நடந்தாவது போங்கன்னாங்க. பனில பையைத் தூக்கிட்டு நடந்தாங்க அந்தப் புள்ளைங்க.

எம்பசியால முடியற வேலை என்னன்னா, சண்டை போடற ரெண்டு தரப்புகிட்டயும் பேசி இன்ன நேரம் இன்ன ரோட்ல எங்க ஆளுங்க வருவாங்கன்னு சொல்லி வைக்கறது, எல்லை தாண்ட பேப்பர் குடுக்கறது, பக்கத்து நாட்டுல பேசி விசா இல்லாம உள்ள விட வைக்கறது. இதுல எதுவுமே நீங்க இருக்கறது அவங்களுக்குத் தெரியாம நடக்காது. கார்ட்டூம்ல ஏப்ரல் கடைசில தூதரகத்துல பதிவு பண்ணியிருந்தவங்க சுமார் 3,100 பேர், கடைசில வந்தவங்க எண்ணிக்கை அதைவிட எழுநூத்துக்கும் மேல அதிகம். பத்து நிமிஷ வேலை அது, ஆன்லைன் ஃபார்ம் ஒண்ணு, ஊருக்குப் போய் எறங்கின அன்னிக்கே முடிச்சிருங்க. இலங்கைக்காரங்களுக்கு சூடான்ல தூதரகமே கிடையாது, அந்த மாதிரி நேரத்துல பக்கத்து நாட்டுத் தூதரகம் எது உங்களுக்குப் பொறுப்புன்னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கணும். சவுதி கப்பல்கள்ல பல நாட்டுக்காரங்களை ஏத்திட்டு வந்தாங்க, அதனால யாரோட கப்பல்னு பாக்காதீங்க, ஏத்திக்கறாங்கன்னா ஏறுங்க. 2015-ல ஏமன்ல ஆபரேஷன் ராஹத்ல இந்தியாவும் 41 நாட்டுக்காரங்க 960 பேரை ஏத்திட்டு வந்துச்சு.

இப்போ ரூமுக்குள்ள. முதல் ரெண்டு மூணு நாள் பெரும்பாலும் அசையாம இருக்கறதுதான் சரி, ஏன்னா எந்தத் தெரு யாரு கைல இருக்குன்னு அவங்களுக்கே தெரியாது, பயத்துல எதைப் பாத்தாலும் சுடுவான். கார்ட்டூம்ல முதல் நாளே ஒரு இந்தியர் இறந்தாரு, ரோட்டுல இல்ல, வீட்டுக்குள்ள இருக்கறப்ப குண்டு பாய்ஞ்சு. ஜன்னல் பக்கம் சிக்னல் நல்லா கிடைக்கும்னு எல்லாரும் அங்கதான் நின்னு பேசுவாங்க, அந்தப் பழக்கத்தை விட்டுருங்க. வெளிச் சுவருக்கும் உங்களுக்கும் நடுவுல இன்னொரு சுவர் இருக்கணும், அதாவது ரெண்டு சுவர் தாண்டி உக்காரணும். ஹோட்டல்னா பாத்ரூமோ உள் காரிடாரோ, மேல் மாடினா ஷெல் வர்றப்ப மோசம், தரைத்தளம்னா துப்பாக்கிக் குண்டுக்கும் கொள்ளைக்கும் மோசம், நடு மாடி பரவால்ல. கண்ணாடி ஜன்னல்னா கட்டிலோட மெத்தையை நிமித்தி சாத்துங்க, திரையை இழுத்து விடுங்க, பறந்து வர்ற கண்ணாடித் துண்டு நிறைய பேரைக் காயப்படுத்தும். ராத்திரி லைட் வெளிய தெரியக் கூடாது. வேடிக்கை பாக்க மொட்டை மாடிக்குப் போய் வீடியோ எடுக்கறவன் கீழ இருக்கறவனுக்கு ஸ்னைப்பர் மாதிரிதான் தெரிவான்.

சத்தம் கேட்ட உடனே சாப்பாட்டைத் தேடறதுக்கு முன்னாடி தண்ணியைப் பிடிங்க. பக்கெட், டப், குப்பைக் கூடைல பிளாஸ்டிக் பை போட்டு, எது கிடைக்குதோ அதுல. கரன்ட் போனா மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடலன்னா டேங்க் ஒரு நாள்தான். கார்ட்டூம்ல நைல் நதி ஊருக்கு நடுவுல ஓடுது, இருந்தும் பஹ்ரி பக்கத்துல இருந்த குடிநீர் நிலையம் சண்டை ஆரம்பிச்ச உடனே நின்னு போய் லட்சக்கணக்கான ஜனங்க வாளியைத் தூக்கிட்டு ஆத்துக்குப் போனாங்க, குண்டு பறக்கற நேரத்துல. நாப்பது டிகிரி வெயில்ல சாப்பாடு இல்லாம நாலு நாள் தள்ளலாம், தண்ணி இல்லாம ஒண்ணும் முடியாது.

காசு. இது சூடானுக்குத் தனிக் கதை, பல வருஷம் அமெரிக்கத் தடைல இருந்ததால நம்ம விசா, மாஸ்டர் கார்டு எதுவும் அங்க வேலை செய்யாது, தெரிஞ்சவங்க எல்லாம் டாலரைக் கைல எடுத்துட்டுத்தான் போவாங்க. சண்டை வந்த உடனே பேங்க் மூடிட்டான், உள்ளூர்க்காரங்க நம்பியிருந்த பாங்கக்னு ஒரு பேமென்ட் ஆப்பும் அடிக்கடி படுத்துக்கிச்சு. பஸ் டிக்கெட் விலை பல மடங்கு ஏறுச்சு, டிரைவர் பூரா டாலர்லதான் கேட்டான். அதனால எந்த நாட்டுக்குப் போனாலும், கார்டு வேலை செய்யற நாடா இருந்தாலும், கிழியாத கறை படியாத டாலர் நோட்டு கொஞ்சம் தனியா வெச்சுக்கங்க, நூறு டாலர் நோட்டு மட்டும் இல்லாம சின்ன நோட்டாவும். ஒரே எடத்துல வெக்காதீங்க. ஒரு பர்ஸ் பறிகொடுக்கறதுக்குன்னே இருக்கணும், மொபைலும் பழசு ஒண்ணு இருந்தா அதைக் கைல வெச்சுக்கங்க, செக்பாயின்ட்ல கேட்டா குடுத்துட்டுப் போயிட்டே இருக்கலாம்.

போன் பத்தி இன்னொண்ணு. கால் பண்ணாதீங்க, மெசேஜ் அனுப்புங்க, நெட்வொர்க் திணறறப்ப கால் போகாது, எஸ்எம்எஸ் எப்படியாவது நுழைஞ்சிரும், சார்ஜும் மிச்சம். ஊர்ல ஒரே ஒரு ஆளை, அழாத ஆளைப் பாத்து ஃபிக்ஸ் பண்ணிக்கங்க, காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு அவருக்கு மட்டும் மெசேஜ், மத்த சொந்தக்காரங்களுக்கு எல்லாம் அவரே சொல்லிக்கட்டும். இல்லன்னா அத்தை, சித்தி, ஆபீஸ், டிவிக்காரன்னு எல்லாருக்கும் பதில் சொல்லியே பேட்டரி காலி. அந்த நாட்டு மேப்பை ஆஃப்லைன்ல எறக்கி வெச்சுக்கங்க, பக்கத்து நாட்டு எல்லை வரைக்கும் சேத்து.

எப்போ கிளம்பறது? இதுதான் எல்லாத்துலயும் கஷ்டமான கேள்வி, இதுக்கு யாரும் ரூல் போட முடியாது. ஆனா போர் நிறுத்தம்னு டிவில சொன்ன நிமிஷமே கிளம்பறவங்க மாட்டிக்கறாங்க. மேல தளபதி கையெழுத்து போடறது தெருமுனைல நிக்கற பையனுக்குப் போய்ச் சேர நேரம் ஆகும், சேர்ந்தாலும் மதிக்கணுமே. கார்ட்டூம்ல பெருநாளுக்குன்னு அறிவிச்ச நிறுத்தம் காத்தோட போச்சு. ஏப்ரல் 24 நள்ளிரவுல இருந்து 72 மணி நேரம்னு அமெரிக்கா சொல்லி வந்தது ஓரளவு நின்னுச்சு, முழுசா இல்ல, ஆனா அந்த இடைவெளிலதான் பஸ்ஸுங்க நகர்ந்துச்சு. சில மணி நேரம் பொறுத்து, உங்க தெருவுல சத்தம் குறைஞ்சிருக்கா, உள்ளூர் ஜனங்க பொம்பளைங்க புள்ளைங்களோட கிளம்பறாங்களா, எந்தப் பக்கம் போறாங்கன்னு பாருங்க. எம்பசி அறிவிப்பைவிட இது வேகமான தகவல். கார்ட்டூம்ல தெருவுக்குத் தெரு எதிர்ப்புக் கமிட்டின்னு இளைஞர் குழுக்கள் இருந்துச்சு, சர்வாதிகாரத்துக்கு எதிரா போராட்டம் நடத்தினவங்க, அவங்கதான் எந்த ரோடு திறந்திருக்கு, எந்த மருந்துக்கடை இருக்குன்னு தகவல் சேத்துக் குடுத்தாங்க. வெளிநாட்டுக்காரன் எல்லாம் கப்பல் ஏறிட்டான், அவங்களுக்கு எந்தக் கப்பலும் வரல. அந்த ஊர் ஜனங்க கதவைத் திறந்து தண்ணி குடுத்ததாலதான் பல பேர் உயிரோட வந்தாங்கன்னு அங்க இருந்து வந்தவங்க சொல்லிக் கேட்டிருக்கேன், பக்கத்து வீட்டுக்காரர் பேரைத் தெரிஞ்சு வெச்சுக்கறது அவ்ளோ முக்கியம்.

கூட்டமா போங்க, ஆனா ரொம்பப் பெரிய கூட்டமா வேண்டாம். ஐநாவோட கான்வாய், சுமார் 700 பேர், போர்ட் சூடான் போய்ச் சேர 35 மணி நேரம் ஆச்சு, அவங்களுக்கே அவ்வளவு. பகல் வெளிச்சத்துல கிளம்புங்க. டிரைவர் உள்ளூர் ஆளா இருக்கணும், முழுப் பணத்தையும் முன்னாடியே குடுத்துராதீங்க, டீசல் எங்க போடப் போறான்னு கேட்டுட்டு ஏறுங்க. நைஜீரிய மாணவர்களைக் கூட்டிட்டு எகிப்து எல்லைக்குப் போன பஸ்ஸுங்களை, பேசின பணம் வரலன்னு டிரைவருங்க நட்ட நடு பாலைவனத்துல நிறுத்திட்டாங்க, அப்புறம் அரசாங்கம் தலையிட்டுதான் நகர்ந்துச்சு. எல்லைக்குப் போனா அங்கயும் நாள் கணக்குல காத்திருப்பு. தரை எல்லையா கடலான்னு முடிவு பண்றப்ப தூரத்தை மட்டும் பாக்காம, அந்தப் பக்கம் விசா கேப்பானா, உங்க நாட்டு அதிகாரி யாராவது அங்க நிக்கறாங்களான்னு பாக்கணும். 2025-ல ஈரான்ல இருந்து நம்ம மாணவர்களை ஆர்மீனியா வழியா கூட்டிட்டு வந்தது இந்தக் கணக்குலதான், அந்தப் பக்கம் வாங்கிக்க ஆள் நின்னாங்க.

செக்பாயின்ட். வண்டி தூரத்துலயே வேகம் குறையட்டும், ராத்திரியா இருந்தா உள்ள லைட்டைப் போடுங்க, கண்ணாடியை எறக்குங்க, கை ரெண்டும் தெரியற மாதிரி இருக்கட்டும். பாக்கெட்டுக்குள்ள சட்டுன்னு கையை விடாதீங்க, பாஸ்போர்ட் எடுக்கறதா இருந்தாலும் எடுக்கறேன்னு சொல்லிட்டு எடுங்க. பேசறது ஒரே ஒரு ஆளா இருக்கட்டும், டிரைவர் பேசினா இன்னும் நல்லது. ராணுவ நிற டிரஸ், மிலிட்டரி மாடல் பை, பைனாகுலர், டிரோன் இதெல்லாம் ரூம்லயே விட்டுட்டு வாங்க, எவ்ளோ விலை குடுத்து வாங்கியிருந்தாலும் சரி. ரெண்டு தரப்பும் போனை வாங்கி கேலரியைத் தட்டிப் பாப்பாங்க, அதனால டாங்கி, புகை, சிப்பாய்னு எதுவும் போட்டோ இருக்கக் கூடாது, டிலீட் பண்ணது போதாது, டிராஷ் ஃபோல்டரையும் காலி பண்ணுங்க, வாட்ஸ்அப் குரூப்ல யாரோ அனுப்பினது தானா சேவ் ஆகியிருக்கும் அதையும். எந்தத் தரப்பு நல்லதுன்னு கேட்டா, நான் வேலைக்கு வந்தவன், ஊருக்குப் போறேன், அவ்ளோதான் பதில். காசு, வாட்ச் கேட்டா குடுத்துருங்க. கிரிக்கெட், ஷாருக் கான்னு பேச்சு போனா போகட்டும், சூடான்ல இந்திப் படத்துக்கு ஏகப்பட்ட ரசிகர்கள், இந்தியான்னு சொன்னா சிரிக்கற ஆளுங்க நிறைய பேர், ஆனா அதை நம்பி வாயை விடாதீங்க.

மாட்டிக்கறவன் எப்பவும் கோட்டு சூட்டு போட்ட கம்பெனி ஆளுன்னு நெனைக்காதீங்க. சூடான்ல மாட்டினவங்கள்ல கர்நாடகாவைச் சேர்ந்த ஹக்கி பிக்கி ஜனங்க இருந்தாங்க, நம்ம ஊரு நரிக்குறவர்களோட உறவு, அதே வாக்ரிபோலி பேசறவங்க. மூலிகை எண்ணெய், நாட்டு மருந்து விக்க ஆப்பிரிக்கா பூரா சுத்துறவங்க அவங்க. முப்பதுக்கும் மேல பேர் சூடானுக்கு மேற்கு ஓரத்துல இருக்கற டார்ஃபூர்ல எல் ஃபாஷர் ஊர்ல வாடகை வீட்ல முடங்கி, சாப்பாடு தண்ணி இல்லாம இருந்து வீடியோ அனுப்பினாங்க, அது ஊர்ல பெரிய அரசியல் சண்டையாவே ஆச்சு. எல் ஃபாஷர்ல இருந்து போர்ட் சூடான் நாடே குறுக்க, கார்ட்டூம்காரங்களுக்கு இருந்த தூரத்தைவிட ரொம்ப அதிகம். போகற ஊர் தலைநகரத்துல இருந்து, துறைமுகத்துல இருந்து எவ்ளோ உள்ள இருக்குங்கறதை டிக்கெட் போடறப்பவே பாக்கணும்னு சொல்றது இதனாலதான்.

பாஸ்போர்ட் எப்பவும் உங்க உடம்போட இருக்கணும், ஹோட்டல் லாக்கர்லயோ கம்பெனி எச்ஆர் டிராயர்லயோ இல்ல. வளைகுடாலயும் ஆப்பிரிக்காலயும் பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கற முதலாளிங்க இன்னும் இருக்காங்க, சண்டை வந்த அன்னிக்கு அந்த ஆபீஸ் பூட்டியிருக்கும், முதலாளி ஊர்ல இருக்க மாட்டான். வேற நாட்டு விசாவுக்குக் குடுத்து வெச்சதும் ஆபத்துதான், கார்ட்டூம்ல சில மேற்கத்திய எம்பசிங்க அவசரமா காலி பண்றப்ப உள்ள இருந்த சூடானியர்களோட பாஸ்போர்ட் மாட்டிக்கிச்சு, சிலது ரகசியப் பேப்பரோட சேத்து அழிச்சே போட்டாங்க, அந்த ஜனங்க எல்லை தாண்ட முடியாம தவிச்சாங்க. தொலைஞ்சா இந்தியத் தூதரகம் எமர்ஜென்சி சர்டிபிகேட்னு ஊர் திரும்ப மட்டும் ஒரு பேப்பர் தரும், அதுக்கு பழைய பாஸ்போர்ட் காப்பி இருந்தா வேலை சீக்கிரம் முடியும். போன்ல ஒரு காப்பி, பேப்பர்ல ஒரு காப்பி, ஊர்ல அந்த அழாத ஆள்கிட்ட ஒரு காப்பி.

இன்சூரன்ஸ். நீங்க ஆன்லைன்ல ஐநூறு ஆயிரம் ரூபாய்க்கு வாங்கற டிராவல் பாலிசில விலக்குகள்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல போர், படையெடுப்பு, உள்நாட்டுப் போர், ராணுவக் கலகம்னு வரிசையா எழுதியிருக்கும். அதாவது குண்டு பட்டாலும், பிளைட் போனாலும், பஸ்ஸுக்கு டாலர் குடுத்தாலும் பெரும்பாலும் ஒண்ணும் வராது. சில பாலிசில போர்ல கலந்துக்காம எதிர்பாராம மாட்டிக்கிட்டவங்களுக்கு குறிப்பிட்ட நாள் வரைக்கும் கவர் இருக்கும், வாங்கறப்ப அந்த வரியைத் தேடுங்க, உங்க அரசாங்கம் அந்த நாட்டுக்குப் போகாதேன்னு அறிவிச்ச அப்புறம் போனா அதுவும் கிடையாது. கம்பெனி அனுப்புதுன்னா போர் ரிஸ்க்குக்குத் தனி பாலிசி எடுத்திருக்காங்களான்னு மெயில்ல கேளுங்க, வாய்ல கேட்டா ஆமா ஆமாம்பாங்க. ஏர்லைன் கேன்சல் பண்ணா டிக்கெட் காசு திரும்ப வரணும், அது உங்க உரிமை, நஷ்ட ஈடு மட்டும் போர்னா கிடைக்காது. மீட்புச் செலவு நாட்டுக்கு நாடு வேற, அமெரிக்கா தன் குடிமக்கள்கிட்ட திருப்பித் தர்றேன்னு கையெழுத்து வாங்கிட்டு ஏத்தும். ஆபரேஷன் காவேரில வந்த தமிழ்நாட்டுக்காரங்களுக்கு டெல்லி, மும்பைல இருந்து சொந்த ஊர் வரைக்கும் போற செலவை தமிழ்நாடு அரசு ஏத்துக்கிச்சு, உதவி எண் எல்லாம் குடுத்தாங்க.

இன்னும் ஒரே ஒரு பேப்பர் பத்தி சொல்லிட்டு முடிச்சுக்கறேன், இதை யாரும் சொல்றதில்ல. சூடான், எத்தியோப்பியா, கென்யா மாதிரி மஞ்சள் காய்ச்சல் இருக்கற நாட்டுல இருந்து வர்றவங்க தடுப்பூசி கார்டு இல்லாம இந்தியாவுக்குள்ள வந்தா ஆறு நாள் வரைக்கும் தனிமைப்படுத்தலாம், அது சட்டம். குண்டு மழைல இருந்து தப்பிச்சு, பாலைவனத்துல பஸ்ல வந்து, கப்பல் ஏறி, விமானம் ஏறி பெங்களூர்ல வந்து எறங்கினவங்கள்ல பல பேரை அந்த கார்டு இல்லன்னு நேரா ஆஸ்பத்திரில கொண்டு போய் வெச்சாங்க, பாதி பேர் அதை கார்ட்டூம் வீட்லயே விட்டுட்டு ஓடி வந்திருப்பாங்க. அந்த மஞ்சள் கார்டு கையில கிடைச்ச அன்னிக்கே பாஸ்போர்ட் உறைக்குள்ள சொருகி வெச்சிருங்க, பயணம் கிளம்ப குறைஞ்சது பத்து நாள் முன்னாடி ஊசி போட்டிருக்கணும், சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க.